பத்தாவது முடிந்ததும் மெழுகுவர்த்தியா?

கேள்வி (தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா)
14 ஜூன் 2024

மகனுக்கு 15 வயது. அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. சான்றிதழில் அறிவுசார் குறைபாடு 75 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பெயர் எழுதுவான். நூறு வரை ஒப்பிப்பான், ஆனால் இருபதுக்கு மேல் எண்ணி எடுக்கத் தெரியாது. பத்தாவது முடிந்ததும் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் விட்டு மெழுகுவர்த்தி, பேப்பர் கவர் செய்யப் பழக்கலாம் என்கிறார்கள். பழகினால் வேலை கிடைக்குமா, இல்லை வீட்டோடு வைத்துக்கொள்வதுதான் நல்லதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

14 ஜூன், இரவு 10.20

மெழுகுவர்த்தியை முதலில் கீழே வையுங்கள். பதினேழு வருடமாகச் சிறப்பாசிரியர் வேலை பார்க்கிறேன். அதற்கும் முன்பிருந்தே என் தம்பிக்கு அக்கா, அவன் சான்றிதழிலும் உங்கள் மகனுடைய அதே எண்தான். என்னிடம் படித்துப் போன பிள்ளைகளில் மெழுகுவர்த்தி செய்து மாதச் சம்பளம் வாங்குகிறவர் ஒருத்தர்கூட இல்லை. மெழுகுவர்த்திக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் செலவு இல்லை என்று சொல்ல முடியாது, கோட்டாறு சவேரியார் திருவிழாவில் எரிவதை வைத்தே ஒரு ஊர் பிழைக்கலாம். ஆனால் அதெல்லாம் மிஷினில் வார்த்துப் பெட்டி பெட்டியாக வந்து இறங்குவது. நம் பிள்ளைகள் செய்ததை வாங்குகிறவர்கள் ஆண்டு விழாவுக்கு வந்த விருந்தினர், டீச்சர்கள், பெற்றவர்கள், அவ்வளவுதான். என் வீட்டு அலமாரியிலேயே இருபது முப்பது கிடக்கிறது. கரண்டு போனாலும் கொளுத்த மனசு வராது.

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். நான் வேறு கேட்கிறேன். காலையில் தானாக எழுந்திருக்கிறானா? குளிப்பாட்டி விடுவது யார்? சாயாக்கடைக்குத் தனியாகப் போய் ஒரு சாயா கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறானா?

15 ஜூன், காலை 6.05

ராத்திரி எழுதியது இப்போது படித்தால் வெடுக்கென்று இருக்கிறது. அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

அந்த 75 பற்றி ஒரு விஷயம். நூற்றில் எழுபத்தைந்து பங்கு வேலை செய்யாது என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு அப்பா என்னிடம் "பாக்கி இருபத்தஞ்ச வச்சு என்ன செய்ய டீச்சரே" என்றே கேட்டார். அது அப்படி அளந்து எடுத்த கணக்கு இல்லை. லேசான நிலைக்கு 50, நடுத்தரத்துக்கு 75, கடுமைக்கு 90, மிகக் கடுமைக்கு 100 என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள், டாக்டர் எந்தப் படி என்று முடிவு செய்ததும் அதற்குரிய எண் வந்து விழும். அதனால்தான் யார் சான்றிதழிலும் 62, 81 என்று பார்க்க முடியாது. ஒரே 75-இல் தனியாகக் கடைக்குப் போய்வருகிற பையனும் இருப்பான், சட்டை பட்டன் போடத் தெரியாதவனும் இருப்பான். உதவித்தொகைக்கும் பஸ்ஸுக்கும் அந்தக் காகிதம் வேண்டும், பத்திரமாக வையுங்கள். எந்த வேலை வரும் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

15 ஜூன், மதியம் 1.40

பதில் பார்த்தேன். எட்டு மணி வரை தூக்கம், குளிப்பாட்டுவது நீங்கள், சாயாக்கடைக்குப் போனதே இல்லை, ஆனால் தாத்தா ரப்பர் ஷீட் அடிக்கும்போது கூடவே நிற்பான். கடைசி வரியை ஏன் கடைசியில் எழுதினீர்கள்? நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். அப்புறம் வருகிறேன், பள்ளியில் மணி அடித்துவிட்டது.

18 ஜூன், இரவு 9.15

தம்பி கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று புரியாது.

18 வயதில் அவனை ஒரு பயிற்சி மையத்தில் விட்டோம். மூன்று வருடம். மெழுகுவர்த்தி, பேப்பர் கவர், சாக்பீஸ். வருகைப் பதிவில் ஒரு நாள் குறையாது. 21 வயதில் வெளியே வந்தபோது கையில் சான்றிதழ் இருந்தது, அதைக் கொண்டுபோய்க் காட்ட ஒரு கடை இல்லை. ஏழு மாதம் வீட்டில் டிவி பார்த்தான். அப்பாவின் சினேகிதர் ஒருவர் நாகர்கோவிலில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போட்டு விற்றுக்கொண்டிருந்தார், அவர்தான் "சும்மா வந்து நிக்கட்டு, பாப்பம்" என்றார்.

வேலை, 200 கிராம் பொட்டலம் போடுவது. டிஜிட்டல் தராசு. முதல் நாளே தகராறு. 200 என்று விழுந்தால்தான் விடுவான். 203 விழுந்தால் ஒரு துண்டு எடுப்பான், 196 ஆகும், ஒரு துண்டு போடுவான், 201 ஆகும். ஒரு பொட்டலத்துக்குப் பத்து நிமிடம். அவனுக்கு 203-க்கும் 302-க்கும் வித்தியாசம் தெரியாது, எழுத்து ஒன்றுபோல இல்லை என்பது மட்டும் தெரியும். நான் பக்கத்தில் நின்று "பரவாயில்ல, விடு" என்றால் அழுகை. எனக்குப் பி.எட். சிறப்புக் கல்வி, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைக்காரர் உள்ளே போய்ப் பரணிலிருந்து பழைய தட்டுத் தராசை எடுத்துவந்து, புளி போட்டுத் தேய்த்து, ஒரு தட்டில் 200 கிராம் படிக்கல்லை வைத்தார். முள் நடுவில் வந்தால் சரி. முள் சிப்ஸ் பக்கம் லேசாகச் சாய்ந்தாலும் சரி, ஆளுக்கு ஒரு துண்டு கூடுதல் போனால் குடி முழுகாது. அன்று சாயங்காலம் நாற்பது பொட்டலம் போட்டான்.

அதன்பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்று, வேலையைக் கடைசியிலிருந்து கற்றுக்கொடுத்தது. முதல் வாரம், ஒட்டி முடித்த பொட்டலத்தைப் பெட்டியில் அடுக்குவது மட்டும். அடுத்து, ஒட்டி அடுக்குவது. அதற்கடுத்து, நிறுத்து, ஒட்டி, அடுக்குவது. இப்படிப் போனால் ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தது அவனாக இருப்பான். முதலிலிருந்து தொடங்கினால் பாதியில் நாம் பிடுங்கி முடித்துக் கொடுப்போம், வீட்டில் அதைத்தானே செய்கிறோம்.

அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்று ஒருவர், 1970-களில், இவர்களால் எதுவும் முடியாது என்று எழுதிவைத்த ஆட்களுக்கு, 15 துண்டு உள்ள சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். ஒரு வழியில் வரவில்லையா, வேறு வழியில் சொல்லிக்கொடு, அவர் சொன்னது இவ்வளவுதான். படிப்பில் இதைப் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். பரணில் ஏறித் தராசை எடுத்தது அதைப் படிக்காத ஒருவர்.

19 ஜூன், காலை

நேற்று எல்லாம் சுகமாக முடிந்ததுபோல எழுதிவிட்டேன். மூன்றாம் வாரம் பொட்டலம் ஒட்டுகிற மிஷினில் ஆள்காட்டி விரலைச் சுட்டுக்கொண்டான். அம்மா இரண்டு நாள் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் அவனாகச் சட்டை போட்டு வாசலில் நின்றான். சூடு படுகிற கம்பிக்கு முன்னால் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினோம், அதைத் தாண்டி விரல் போகக் கூடாது. இன்றைக்கும் சிவப்பு டேப் எங்கே பார்த்தாலும் கையை இழுத்துக்கொள்வான், சுவரில் ஒட்டியிருந்தாலும்.

2 ஜூலை

கீழே ஒருவர் "வேலையைக் கற்பது சரி, போய் வருவது எப்படி" என்கிறார். வேலை போனவர்களில் பாதிப் பேருக்கு அது வழியில்தான் போனது, வேலையில் இல்லை.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வருகிறவருக்கும் 2021-லிருந்து டிக்கெட் வேண்டாம். காசு பிரச்சினை அதோடு தீர்ந்தது. போர்டு பிரச்சினை தீரவில்லை. தம்பி 'தக்கலை' என்ற எழுத்தைப் படம்போல ஞாபகம் வைத்திருந்தான். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் தினமும் அதே நேரத்துக்கு அதே வண்டி. ஒரு நாள் வேறு வண்டி, போர்டில் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று மூன்றும் இருந்தது. தக்கலையைப் பார்த்தான், ஏறினான், சரியாகத்தான் ஏறினான். ஆனால் அவனுக்குத் தெரிந்த வண்டி தக்கலையோடு நின்றுபோகும், எல்லாரும் இறங்குவார்கள், இவனும் இறங்குவான். இந்த வண்டியில் எல்லாரும் இறங்கவில்லை. களியக்காவிளையில்தான் எல்லாரும் இறங்கினார்கள். இறங்கிவிட்டான். பாதி மலையாளம் பேசுகிற இடம், பொழுது சாய்ந்த நேரம். சாயாக்கடைக்காரர் ஒருவர் சட்டைப்பையின் உள்பக்கம் அம்மா தைத்து வைத்திருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது பழம்பொரி தின்றுகொண்டிருந்தான். இரண்டாவது பழம்பொரியாம்.

அதற்கப்புறம் 'எல்லாரும் இறங்கினால் இறங்கு' என்பதை விட்டு, இறங்குமிடத்தில் இருக்கிற ஒரு கட்டடத்தையும் ஒரு விளம்பரப் பலகையையும் காட்டிப் பழக்கினோம். பலகையை மூன்றாம் மாதம் மாற்றிவிட்டார்கள். கட்டடத்தை மட்டும் நம்புங்கள்.

9 ஜூலை

நான்கு சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறதே, அரசு வேலைக்கே முயற்சி செய்தால் என்ன என்று இரண்டு பேர். இருக்கிறது. 1995 சட்டத்தில் 3 சதவீதம், அதில் இந்தப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 4 ஆக்கியது, பார்வை, செவி, உடல் இயக்கம் மூன்றுக்கும் தலைக்கு 1, மிச்ச 1 சதவீதத்தில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாரும். அந்த வரிசையில் எழுத்துத் தேர்வு எழுதி ஜெயிக்கக்கூடியவர்கள் முன்னால் நிற்பார்கள், நம் பிள்ளை பின்னால். போராடிப் பெற்ற உரிமை, விண்ணப்பியுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருந்து 15 முதல் 25 வரை பத்து வருடத்தைத் தொலைக்காதீர்கள். அந்தப் பத்து வருடம் திரும்ப வராது, அதிலும் முதல் மூன்று.

10 ஜூலை

"மூன்று வருடமா, பள்ளியில் படிக்கும்போதே வேலைக்கா" என்று ஒரு அண்ணாச்சி கோபப்பட்டிருக்கிறார். வேலைக்கு வைக்கச் சொல்லவில்லை. 14-க்குக் கீழே வைக்கக் கூடாது, 14 முதல் 18 வரை அபாயகரமான வேலை கூடாது, சட்டம் தெரியும். நான் சொல்வது, பாடத்தைக் கடையில் நடத்துங்கள் என்று. ஒன்பதாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு மதியம், ஆசிரியர் கூடவே.

1996-இல் அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 'புராஜெக்ட் சர்ச்' என்று ஒன்று தொடங்கினார்கள். பள்ளியின் கடைசி வருடத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பறையே ஆஸ்பத்திரிக்குள். ஒரு பிரிவில் சில மாதம், அடுத்த பிரிவில் சில மாதம் என்று மாறி மாறி வேலை பழகுவார்கள். அந்த நாட்டில் 16 வயதுக்குள், படிப்பு முடிந்து இந்தப் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்று எழுத்தில் திட்டம் போட்டாக வேண்டும், சட்டமே அப்படி. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? துணி மடிக்க, தண்ணீர் பாட்டில் வைக்க, சக்கர நாற்காலி துடைக்க எத்தனை வேலை. நான் மூன்று இடத்தில் கேட்டேன். இரண்டு இடத்தில் "டொனேஷன் வேணும்னா தாறோம்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு சிஸ்டர் மட்டும், "புதன்கிழமை அனுப்புங்க, ரெண்டு பேர், அதுக்கு மேல வேண்டாம்" என்றார். போன வருடத்திலிருந்து புதன் புதன் போகிறோம்.

21 ஜூலை

இதுவரை எழுதியதெல்லாம் பையன்கள் கதை. தனிச்செய்தியில் ஒரு அம்மா, "என் மோளை எப்படி அனுப்ப" என்று கேட்டார். நியாயமான பயம், அதை நான் லேசாக எடுத்துப் பேச மாட்டேன். ஆனால் வீட்டில் வைத்தால் பத்திரம் என்பதும் முழு உண்மை இல்லை, வேலை பார்க்கிற எல்லா டீச்சருக்கும் தெரியும், வெளியே சொல்ல மாட்டோம்.

நான் செய்வது: பன்னிரண்டு பதிமூன்றிலேயே உடல் உறுப்புகளின் சரியான பெயர், யார் தொடலாம், யார் கூடாது, "வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்வது. சத்தமாக என்றால் நிஜமாகவே சத்தமாக. வகுப்பில் ஆளுக்கு ஒரு முறை கத்தவைப்பேன், பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்ப்பார். இந்தப் பிள்ளைகளுக்கு நாம் பதினைந்து வருடம் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் "சொன்னதைக் கேள்" என்பது, அதை வைத்துக்கொண்டு வெளியே அனுப்பினால் யார் சொன்னாலும் கேட்பாள். 18-க்குக் கீழே என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கிற 2012 போக்சோ சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் வருவது நடந்த பிறகு.

இன்னொன்று, மாதவிலக்கு. தையல் யூனிட்டில் நூல் வெட்டும் வேலைக்கு ஒரு பிள்ளையை அனுப்பினேன், கை அவ்வளவு சுத்தம், ஒரு நூல் தொங்காது. இரண்டாம் மாதம் நிறுத்திவிட்டார்கள். நாப்கினை எங்கே போடுவது என்று தெரியாமல் ஜன்னல் வழியாகப் போட்டிருக்கிறாள். வீட்டில் பின்பக்கக் குப்பைக்குழியில் போட்டுப் பழக்கம். நான் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், அந்தக் கட்டடத்தின் கக்கூஸுக்குள் ஒரு முறை கூடப் போய்ப் பார்க்கவில்லை. என் தப்பு. இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கக்கூஸைக் காட்டுங்கள் என்பேன், முதலாளிகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

11 ஆகஸ்ட்

மெழுகுவர்த்தி விஷயத்தில் என் வாயை நானே கொஞ்சம் அடக்க வேண்டும்.

நேற்று பழைய மாணவி ஒருத்தியின் அம்மாவை மார்த்தாண்டம் சந்தையில் பார்த்தேன். கடுமையான நிலை, ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டாள், வகுப்பை விட்டு ஓடுவாள். மையத்தில் மெழுகுவர்த்திக் குழுவில் விட்டிருக்கிறார்கள். இப்போது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திரி கோக்கிறாளாம், பக்கத்தில் உட்காரும் பெண்ணின் பெயரைச் சொல்கிறாளாம். "அவ காலம்பற பத்து மணிக்கு வெளிய போறது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா டீச்சரே, நான் முதுகு சாய்க்கது அப்பந்தான்" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? அந்த வீட்டுக்கு மெழுகுவர்த்தி வேண்டும்.

ஆகவே ஜூன் 14-இல் எழுதியதை இப்படி மாற்றிப் படியுங்கள்: போக ஒரு இடம் வேண்டும் என்றால் மையம் நல்லது, சம்பளம் வேண்டும் என்றால் மையத்துக்குள்ளேயே மூன்று வருடம் கிடக்கக் கூடாது. என் கோபம் மையத்தின்மேல் இல்லை, அடுத்த கதவு இல்லாத மையத்தின்மேல்.

8 செப்டம்பர்

ஓணம் வருகிறது, சிப்ஸ் கடையில் நிற்க இடமில்லை. தம்பி இப்போது இருப்பது வேறு கடை. முதல் கடைக்காரர் இறந்துபோனார், மகன் பொறுப்புக்கு வந்தார், தட்டுத் தராசு பரணுக்குப் போனது, டிஜிட்டல் வந்தது. தம்பி இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வந்தான். மகன் கெட்டவர் இல்லை. அப்பா எதை எப்படிச் செய்துவைத்தார் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, ஆறு வருடம் ஓடுகிறதே என்று அந்தப் பக்கமே போகவில்லை. எல்லாம் ஒரே மனுஷரின் தலையில் இருந்தது, அவரோடு போய்விட்டது.

புதுக் கடையில் முதலாளி, சரக்கு மாஸ்டர், கல்லாவில் இருக்கிற அக்கா மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன். சுவரில் ஒரு அட்டை: தராசு இப்படி, டேப் இங்கே, பதினொன்றுக்குச் சாயா, மூட் சரியில்லை என்றால் பத்து நிமிடம் பின்பக்கம் விடவும், கத்த வேண்டாம். மாதம் ஒரு முறை நான் போய் நிற்பேன், ஏதாவது வாங்குகிற சாக்கில். எங்கள் வீட்டில் சிப்ஸ் தீர்வதே இல்லை.

கல்லாவில் ஆள் இல்லாத நேரம் இவன் பொட்டலம் எடுத்துக் கொடுப்பான். காசு எண்ணத் தெரியாது. ஆனால் அந்தப் பேசுகிற பெட்டி இருக்கிறதே, போனில் பணம் போட்டால் தமிழில் சத்தமாகத் தொகை சொல்லுமே, அது வந்தபிறகு அவனுக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்லை. பெட்டி பேசினால் பொட்டலம், பேசாவிட்டால் பொட்டலம் இல்லை. ஒருவர் போனைக் காட்டி "போட்டாச்சு பாரு" என்றிருக்கிறார், இவன் "பெட்டி பேசல்ல" என்று அசையவே இல்லை. நெட் இல்லாத நாளில் கடை வாசலில் சண்டை நடப்பதும் இதனால்தான்.

11 செப்டம்பர்

சம்பளம் எவ்வளவு என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு என்னவோ அதில் முக்கால் பங்கு, பாதியில் தொடங்கிச் சண்டை போட்டு முக்காலுக்கு வந்திருக்கிறோம். "இவனுக்கு வேலையே ஒரு உபகாரம், இதுல சம்பளம் வேற" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் 26-ஆம் பிரிவு ஒன்று இருந்தது, மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்கு விலக்கு தரலாம் என்று, ஆனால் அந்த விலக்கைத் தர வேண்டியது அரசாங்கமாக இருந்தது, கடைக்காரர் தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. இதைப் படித்துக்கொண்டுதான் பேசப்போனேன். போனால் அவர் ஒரு சாயா வாங்கித் தந்து, "எண்ணிப் பாரும், அந்தப் பையன் நாளைக்கு இருநூறு பொட்டலம், உம்ம தம்பி நூற்றைம்பது" என்றார். எண்ணிப் பார்த்தேன், நூற்றைம்பதுதான். முக்கால் அப்படி வந்தது. சரியா தப்பா என்று இன்னும் எனக்குள் வாதம் ஓடுகிறது, ஏனென்றால் அந்தப் பையன் மாதத்தில் நாலு நாள் வர மாட்டான், தம்பி ஒரு நாளும் தவற மாட்டான், அதை யாரும் எண்ணவில்லை.

13 அக்டோபர்

18 ஆகப்போகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு. பெற்றவர்களே ஆனாலும் 18 முடிந்தால் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆக மாட்டீர்கள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை, அதையும் சேர்த்து விசாரியுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் காப்பாளர் தேவை என்றும் இல்லை. தம்பிக்கு வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது ஒரு வங்கியில் "நீங்க கையெழுத்துப் போடுங்க, அவருக்கு எதுக்கு" என்றார்கள். தன் பணத்தைத் தான் கையாளும் உரிமையை 2016 சட்டம் அவனுக்கும் தருகிறது என்று அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். மூன்றாம் தடவைதான் நடந்தது. கையெழுத்து என்று அவன் போடுவது பெயரின் முதல் எழுத்தும் ஒரு நீளக் கோடும், கோட்டின் நீளம் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு. வங்கியில் அதற்கும் பழகிவிட்டார்கள்.

3 நவம்பர்

கேள்வி கேட்ட அக்கா வீட்டுக்கு நேற்றுப் போயிருந்தேன், அவர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

ஜூலையிலிருந்து அவன் வேலை தாத்தாவோடு. விடியற்காலை தாத்தா ரப்பர் வெட்டப் போவார், பால் எடுத்துக்கொண்டு திரும்பும்போது இவன் எழுந்திருக்க வேண்டும். எட்டு மணித் தூக்கம் அப்படித்தான் போனது, நானோ அம்மாவோ சொல்லிக் கேட்டதில்லை. பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, டிஷ்ஷில் ஊற்றுவது இவன். ஆசிட் விடுவது தாத்தா மட்டும், ஆசிட் பாட்டில் இருக்கும் மேல்தட்டில் சிவப்பு டேப் (என் உபயம்). மறுநாள் உறைந்ததை எடுத்து ரோலரில் கொடுப்பதில் சண்டை. அம்மாவுக்குக் கை மாட்டுமோ என்று பயம், எனக்கும்தான். இப்போது தாத்தா கொடுப்பார், இவன் கைப்பிடியைச் சுற்றுவான், மறுபக்கம் வருவதை வாங்கிக் கழுவிக் கம்பியில் போடுவான். எத்தனை ஷீட் என்று எண்ணுவதற்குச் சிரட்டை. ஒரு ஷீட் போட்டால் ஒரு சிரட்டை கூடையில். தாத்தா சிரட்டையை எண்ணுவார். ஆகஸ்டில் ரப்பர் விலை ஏறியபோது இவனுக்கு ஒரு ஷீட்டுக்குக் கூலி பேசினாராம், அம்மாவுக்கே தெரியாமல்.

இருபதுக்கு மேல் எண்ண வராது என்று எழுதினீர்களே அக்கா, எண்ண வேண்டியது பதினெட்டு ஷீட்தான்.

அதற்காக இதோடு நிற்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தேன். செப்டம்பர் 8-இல் எழுதியதை மறுபடி படியுங்கள், தாத்தாவுக்கு 71 வயது. பக்கத்து விளைக்காரர் ஒருவர் நான்கு வீட்டுப் பாலைச் சேர்த்து ஷீட் அடிக்கிறார். வாரத்துக்கு ஒரு நாள் அங்கே போகட்டும், அவர் வேறு விதமாகச் செய்வார், திட்டவும் செய்வார். சாயாக்கடைக்குத் தனியாகப் போனானா என்று கேட்டேன். போயிருக்கிறான். சாயா வாங்கியிருக்கிறான். காசு கொடுக்காமல் வந்துவிட்டான், கடைக்காரர் தாத்தா கணக்கில் எழுதிவிட்டாராம். சரி, பாதி வேலை முடிந்தது.

25 நவம்பர்

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குச் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மொழிப்பாட விலக்கு இதற்கெல்லாம் கடைசி நேரத்தில் ஓடாதீர்கள், இப்போதே தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள். வேறொன்றும் இல்லை, ஞாபகப்படுத்தினேன்.

3 டிசம்பர், இரவு 11.30

இன்று உலக மாற்றுத்திறனாளிகள் தினம். நம் மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக உள்ளூர் விடுமுறையும் இன்றுதான். ஒரு விழாவில் 'சாதித்தவர்கள்' என்று ஐந்தாறு பேரை மேடையேற்றிப் பொன்னாடை போடப்போகிறோம், தம்பியைக் கூட்டி வாருங்கள் என்று போன வாரமே சொல்லியிருந்தார்கள். அம்மா புதுச் சட்டை எடுத்து, இஸ்திரி போட்டு, ஆணியில் மாட்டி வைத்திருந்தார். காலையில் பார்த்தால் ஆள் பழைய சட்டையைப் போட்டு வாசலில் செருப்பு மாட்டுகிறான்.

"எங்கலே போற, இன்னைக்கு விழால்லா?"

"கடையில ஆளு கூடுதலு. நான் வரல்ல."

நான் போய் அவன் சார்பில் பொன்னாடையை வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் கோட்டாறு நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று, கடைக்குப் போனேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. பெட்டி பேசிக்கொண்டே இருந்தது. எனக்கும் வரிசையில் நின்றுதான் கிடைத்தது, கால் கிலோ.